பதினைந்து நாள் கோச்சா, பட்டறை அண்ணனா?

காரைக்குடியில் நாங்கள் படித்த கல்லூரியின் கபடி அணிக்காகப் பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டோம். ஊர்க்கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுவதுபோல தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. பணம் சேர்ந்த கையோடு சச்சரவும் வந்துவிட்டது. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோ முடித்த கோச்சைப் பதினைந்து நாள் கேம்ப்புக்குக் கூப்பிடலாம் என்றது ஒரு கட்சி. புதுவயல் பக்கம் டூவீலர் பட்டறை வைத்திருக்கும் எங்கள் சீனியரை வருஷம் முழுக்க மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றது இன்னொரு கட்சி. நடுவில் ஒருவர், "மேட் வாங்கிப் போடுங்கப்பா, பயலுக தானா ஆடுவாய்ங்க" என்றார்.

பி.டி. சார் இருக்கிறாரே? இருக்கிறார். தடகளம், வாலிபால், கிரிக்கெட், செஸ் எல்லாம் அவர் தலையில்தான். தகுதிப் படிவம் நிரப்பி, பிரின்ஸிபால் கையெழுத்து வாங்கி, பேட்டா கணக்கு எழுதி, பையன்களைப் போட்டி நடக்கும் ஊருக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் அவருக்கு மூச்சு முட்டிவிடும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என்.ஐ.எஸ். கோச் சும்மா இல்லை. 1961-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஒரு வருஷ டிப்ளமோவில் ஆட்டத்தோடு உடலியக்கவியல், காயம், உணவு எல்லாம் சொல்லித் தருகிறார்கள். சில வருஷங்களுக்கு முன்பு அப்படி ஒருவர் எங்கள் கிரவுண்டுக்கு வந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். லெப்ட் கார்னரில் ஒரு பையன். செம்மண்ணில் வெறுங்காலில் ஆடிப் பழகியவன், கணுக்காலைப் பிடிக்கும் ஆங்க்கிள் ஹோல்டில் கெட்டிக்காரன், ஆனால் பாடி வரும் ரெய்டர் கை நீட்டியதுமே பாய்ந்துவிடுவான். கோச் பத்து நிமிஷம் பேசாமல் பார்த்தார். பிறகு அவனை நிறுத்தி, "கையைப் பார்க்காதே, இடுப்பைப் பார். கை பொய் சொல்லும்" என்றார். அவனுடைய பின்காலை அரை அடி நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே நாலு ரெய்டரை மடக்கினான். ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கண்ணுக்கு அந்த அரை அடி தெரியவில்லை.

ஆனால் கேம்ப் முடிந்து ஒரு மாதம் கழித்துப் போனால், பையன் பழையபடி கையைப் பார்த்துப் பாய்கிறான். கால் எங்கே இருக்கிறது என்று தினமும் பார்க்க ஆள் இல்லை.

பட்டறை அண்ணன் பக்கம் இருக்கும் பலம் இதுதான்: நாளைக்கும் வருவார். எந்தப் பையனுக்கு எந்த பஸ், எவன் மத்தியானம் சாப்பிடாமல் வந்தான் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். இங்கே பாதிப் பேர் பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டைப் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். சாயங்காலப் பயிற்சியை நிறுத்துவது விசில் இல்லை, பஸ்தான். கேம்ப் கோச் போடும் ஆறு மணி அட்டவணை காகிதத்தோடு சரி.

அவரிடம் குறை இல்லையா? பெரிய குறையே உண்டு. தான் ஆடின ஆட்டத்தைத்தான் சொல்லித் தருவார். தலையைக் குனிந்து டேஷ் அடிக்க, அதாவது ரெய்டரை மோதித் தள்ள, சொன்னதில் ஒரு பையனுக்குக் காறை எலும்பு விலகியது. சுளுக்குக்கு ஐஸ் வைக்காமல் எண்ணெய் போட்டு நீவிவிடுவார். மேட் விரிப்பில் ஷூ போட்டு ஆடும் ஆட்டமும் அவருக்குப் புதிது. மண்ணில் வழுக்கிப் போய்ப் பிடிக்கிற பிடி மேட்டில் பாதியிலேயே நின்றுவிடும். அந்த வகையில் மேட் கேட்டவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் மேட்டுக்கு வாய் இல்லை.

என் ஓட்டு பட்டறை அண்ணனுக்குத்தான், ஒரு நிபந்தனையோடு. கேம்ப்புக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் வருஷம் அவரை என்.ஐ.எஸ். நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ் படிப்புக்கு அனுப்ப வேண்டும். மீதியில் சம்பளம். பெரிய கோச்சை வருஷத்துக்கு ரெண்டு தடவை, ரெண்டு ரெண்டு நாள் வரவழைத்தால் போதும். அவர் திருத்துவதை அண்ணன் நோட்டில் குறித்துக்கொண்டு மிச்ச நாளெல்லாம் பார்த்துக்கொள்வார். பெண்கள் அணிக்கும் இதே வழிதான், ஆனால் அங்கே நாலு வருஷம் முன்பு கேப்டனாக இருந்த அக்காவைக் கேட்க வேண்டும்.

அண்ணனிடம் பேசினேன். ரொம்ப நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "படிக்கிறது கெடக்கட்டும் தம்பி. ஆறு வாரம் பட்டறைய யாரு பாப்பா?" என்றார். அந்த ஆறு வாரத்துக்குக் கடை வாடகையையும் புள்ளிக் கணக்கில் சேர்க்கலாமா என்பதில்தான் இப்போது அடுத்த சண்டை ஓடுகிறது.