110 மூட்டை பிடிக்கும் என்று விற்ற தீன் தாங்கிக்குள் போனது 48 மூட்டைதான்

கோழிக்கோ மாட்டுக்கோ தீன் தாங்கி செய்யக் கொடுக்க யோசிக்கும் மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் முற்பணம் கொடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கள்.

கரடியனாற்றுப் பக்கம் 1,500 முட்டைக் கோழி வளர்க்கிறேன். ஒரு கோழி நாளைக்கு 115 கிராம் அளவில் தின்னும், எல்லாவற்றுக்கும் 170 கிலோவுக்கு மேல் வேண்டும். மாரி தொடங்கினால் மண் ரோட்டில் லொறி வராது. ஒரு மாதத் தீனை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம், எலிக்கும் பயப்பட வேண்டாம் என்றுதான் உருளைத் தாங்கி ஒன்று செய்யக் கொடுத்தேன்.

கல்முனை வீதியில் ஒரு வெல்டிங் பட்டறை. விட்டம் 5 அடி, உடம்பு 7 அடி, கீழே 3 அடிக் கூம்பு, மேலே தட்டை மூடி. “அண்ணே, இது அஞ்சரைத் தொன் தாங்கி. 110 மூட்டை தாராளமாக் கொட்டலாம்” என்றார் முதலாளி. பில்லில் 5,500 என்று எழுதினார். கிலோவா லீட்டரா என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. 380,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன்.

கார்த்திகையில் 100 மூட்டை மாஸ், அதாவது சோளம் கலந்து அரைத்த தூள் தீன், வந்தது. 42ஆவது மூட்டையில் தாங்கியின் வாய் அடைத்துக்கொண்டது. எட்டிப் பார்த்தால் நடுவில் குவியல் மூடியைத் தொடுகிறது, சுற்றிவர வெறும் இடம். நீளத் தடியால் இழுத்துப் பரப்பி இன்னும் 6 மூட்டை போட்டோம். மிச்சம் 52 மூட்டை முற்றத்தில், வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

30 மூட்டையைப் பக்கத்து வளவுக்காரர் தன் நெல் அறையில் வைக்க விட்டார். அந்த மனிசனுக்கு நான் எப்போதும் கடமைப்பட்டவன். மற்ற 22ஐயும் விறாந்தையில் பலகை போட்டு அடுக்கித் தறப்பாளால் மூடினேன். மூன்று நாள் விடாத மழை. 9 மூட்டை கட்டிபட்டுப் பூஞ்சணம் மணத்தது. பூஞ்சணம் பிடித்த சோளத்தில் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம், அது கோழியின் ஈரலைக் கெடுக்கும். வெயிலில் காய வைத்தாலும் அது போகாது. 450 கிலோ தீனையும் குழி வெட்டிப் புதைத்தேன். கடன் பட்டு வாங்கிய தீன் அது.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். “தண்ணி ஊத்திப் பாருங்க அண்ணே, 5,500 லீட்டர் பிடிக்கும்.” அதுவும் பொய். 11ஆம் ஆண்டு படிக்கும் அக்காவின் மகள் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தாள். ஆரை 2½ அடி, அடிப்பரப்பு 19.6 சதுர அடி. உடம்பின் கனவளவு 137 கன அடி. கூம்புக்கு அதே உயரமுள்ள உருளையில் மூன்றில் ஒன்றுதான், ஆக 20 கன அடிக்குக் கிட்ட. மொத்தம் 157 கன அடி, ஒரு கன அடி 28.3 லீட்டர், எல்லாம் சேர்த்து 4,450 லீட்டர். முதலாளி கூம்பையும் உருளையாகவே எண்ணி 10 அடி உயரத்தால் பெருக்கியிருக்கிறார். அதற்குமேல் லீட்டரைக் கிலோ என்று சொல்லி என் தலையில் கட்டியிருக்கிறார்.

ஒரு லீட்டர் ஒரு கிலோ என்பது தண்ணீருக்குத்தான் சரி. 10 லீட்டர் வாளியில் என் மாஸை அமத்தாமல் நிரப்பி நிறுத்தேன், 5.7 கிலோ. அந்தக் கணக்கில் 4,450 லீட்டரும் முட்ட நிரம்பினாலே 50 மூட்டை அளவில்தான். அரிசி ஆலைத் தவிடு 3½ கிலோதான் நின்றது. மாட்டுக்குத் தவிடு போடுகிறவர்கள் இன்னும் மோசமாக ஏமாறுவார்கள். நீங்கள் போடப்போகும் தீனையே வாளியில் நிறுத்துப் பாருங்கள், அடுத்தவர் சொல்லும் கணக்கு வேண்டாம். விட்டம் அளக்க முடியாவிட்டால் சுற்றளவை நாடா வைத்து அளந்து 3.14ஆல் பிரியுங்கள். தட்டை மூடி என்றால் குவியலின் ஓரத்தில் வீணாகும் இடத்தையும் கழிக்க வேண்டும். என் தாங்கியில் அது மட்டும் 6 மூட்டைக்கு மேல்.

கூம்பும் சரிவு போதாது. மாஸ் வழுகி இறங்க 60 பாகையாவது வேண்டும், இது 50 பாகைதான். தீன் உள்ளே பாலம் கட்டி நின்றுவிடுகிறது, ஒவ்வொரு விடியவும் மரச் சுத்தியலால் தட்டுகிறேன். தயவுசெய்து யாரும், முக்கியமாகப் பிள்ளைகள், இடித்துவிட என்று தாங்கிக்குள் இறங்க வேண்டாம். தீன் திடீரென்று சரிந்தால் ஆளை மூடிவிடும்.

பட்டறைக்காரர் இப்போது 60,000 தந்தால் மேலே 3 அடி வளையம் ஒட்டித் தருவாராம். கணக்குப் பார்த்தால் 19 மூட்டைதான் கூடும், அந்தக் கால்கள் பாரம் தாங்குமா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. மறுத்துவிட்டேன். பில்லையும் லொறி ரசீதையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறேன், அவர்களின் அவசர இலக்கம் 1977. நீங்கள் பில் வாங்கும்போது “முட்டைக் கோழி மாஸ், 50 கிலோ மூட்டை இத்தனை” என்று முதலாளியின் கையாலேயே எழுதி வாங்குங்கள். என் பில்லில் இருப்பது வெறும் 5,500 என்ற இலக்கம், அதை வைத்துக்கொண்டுதான் இப்போது வாதாட வேண்டியிருக்கிறது.