முயலுக்குத் தினமும் என்ன போடுவது: திருகோணமலையில் சில வருட அனுபவம்

உப்புவெளிப் பக்கம் எங்கள் வீட்டில் இரண்டு முயல்கள் இருக்கின்றன. கலப்பினம், ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இறைச்சிக்காக வளர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. தீன்கடைகளில் முயல் என்றாலே சீக்கிரம் எடை ஏறுவதற்கான ஆலோசனைதான் கிடைக்கும். எட்டு, பத்து வருடம் இருக்க வேண்டிய வீட்டு முயலுக்கு அந்தக் கணக்கு சரிவராது.

பெல்லட் (அச்சில் அழுத்திய குச்சித் தீன்), டிமோத்தி என்ற இறக்குமதி உலர்புல், வைக்கோல், பச்சைப் புல் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. என் முடிவு கினிப்புல். வெற்றுக் காணியிலும் வேலியோரத்திலும் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும் அதே புல்தான். தட்டில் பத்தில் எட்டுப் பங்கு அதுவாக இருந்தால் மற்றதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். முன்பல் மட்டும் வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றருக்கு மேல் வளர்கிறது. அதைத் தேய்க்க, நீளமான நாரைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்து மெல்ல வேண்டும். பெல்லட்டை நாலு கடியில் நொறுக்கிவிடும், கடைவாய்ப் பல்லுக்கு அங்கே வேலையே இல்லை. குடலுக்கும் நார்தான் ஓட்டம் கொடுக்கிறது. கரடான நார் காய்ந்த புழுக்கையாக வெளியே போகும். நுண்ணிய பகுதி பெருங்குடல் வாயிலில் உள்ள பையில் புளித்து, திராட்சைக் குலை மாதிரி மென்மையான புழுக்கையாக வரும். அதை முயல் வாய் வைத்து நேரே எடுத்துத் தின்னும். பார்த்து அருவருக்க வேண்டாம். அதில்தான் அதற்கு வேண்டிய விற்றமினும் புரதமும் இருக்கின்றன.

அதனால் நான் காலையில் முதலில் பார்ப்பது கூட்டின் அடித்தட்டை. புழுக்கை உருண்டையாக, காய்ந்து, உடைத்தால் உள்ளே புல் தூள் தெரிகிற மாதிரி இருந்தால் நல்லது. அந்த மென்மையான குலைகள் தின்னப்படாமல் ஒட்டிக் கிடந்தால் மாச்சத்து கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, பெல்லட்டை நிறுத்திப் புல்லைக் கூட்டுவேன். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

பெல்லட்டை நான் முழுதாக ஒதுக்கவில்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 25 கிராம் போதும், எங்கள் முயலுக்கு ஒரு சின்னக் கைப்பிடி. நார் 18 வீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், சில்லறையாக நிறுத்துத் தரும் தீனில் எந்த விபரமும் இருக்காது. ஒரு கடையில் முயல் தீன் என்று கேட்டதற்கு, “இதையும் முயல் தின்னும் தம்பி” என்று கோழித் தீனைக் கட்டித் தந்தார்கள். தின்னும்தான். ஆனால் கோழித் தீனில் மாச்சத்து அதிகம், சிலவற்றில் கலக்கும் இரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து முயலுக்கு நஞ்சு. லேபல் ஒட்டிய பையாக இல்லாவிட்டால் வாங்காமல் திரும்பி வருவதே மேல்.

இறக்குமதி டிமோத்தி உலர்புல் நல்ல பொருள், குறை சொல்ல ஒன்றுமில்லை. மணமும் நன்றாக இருக்கும். கொழும்பிலிருந்து பார்சலில் எடுத்தால் விலையை விட அனுப்பும் செலவுதான் கடிக்கும். அல்பால்பா என்ற தீவனப் பயிரை வளர்ந்த முயலுக்குத் தவிர்த்துவிடுங்கள். அதில் கல்சியம் கூட. முயல் தேவைக்கு மிஞ்சிய கல்சியத்தைச் சிறுநீரில்தான் கழிக்கும், அது வெள்ளைச் சுண்ணாம்பாகச் சிறுநீர்ப்பையில் தங்கத் தொடங்கினால் தொல்லை. குட்டிகளுக்குப் பரவாயில்லை.

வைக்கோல் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் அறுவடை முடிந்ததும் தாராளமாகக் கிடைக்கும். படுக்கைக்கு மிக நல்லது, கொறித்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் சத்துக் குறைவு, புல்லின் இடத்தை அது பிடிக்காது. வயல் வரம்புப் புல்லை மட்டும் நான் தொடவே மாட்டேன். களைநாசினி எப்போது அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? கடற்கரை வீதியோரப் புல்லும் அப்படித்தான், நாய்கள் போகிற இடம்.

இந்த ஊரின் கச்சான், அதாவது வறண்ட தென்மேற்குக் காற்று, இந்த விசயத்தில் வரப்பிரசாதம். வைகாசிக்குப் பிறகு, பூ வருவதற்கு முன் கினிப்புல்லை வெட்டி, மொட்டைமாடியில் மெல்லியதாகப் பரப்பி, இடையிடையே புரட்டிவிட்டால் இரண்டு நாளில் காய்ந்துவிடும். பச்சை நிறம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்போதே எடுத்து, பொலித்தீனில் இல்லாமல் சாக்கில் கட்டி, தரையில் படாமல் தொங்கவிடுகிறேன். ஆனால் ஐப்பசியில் மாரி தொடங்கினால் கதை வேறு. ஈரப் புல்லைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும், காய்ந்ததில் ஈரம் ஏறினால் பூஞ்சணம். பூஞ்சண வாடை லேசாக வந்தாலும் முழுச் சாக்கையும் உரக்கிடங்கில் கொட்டிவிட வேண்டும், மேலே உள்ளதை மட்டும் எடுத்து மிச்சத்தைக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

இலை வகையில் வல்லாரை, கொத்தமல்லி, புதினா, செவ்வரத்தை இலை எல்லாம் எங்கள் முயல்களுக்கு உயிர். முருங்கையிலையும் பிடிக்கும், கல்சியம் கூட என்பதால் வாரத்தில் ஓரிரு நாள் ஒரு கொப்பு மட்டும். கரட்டைப் பற்றிப் பக்கத்து வீட்டு அன்ரியோடு எனக்கு ஓயாத வழக்கு. “முயல் கரட் தின்னாமல் வேறென்ன தின்னும்?” என்பார். அதில் சீனி அதிகம். ஒரு சின்னத் துண்டு இனிப்புப் பண்டம் மாதிரி, அவ்வளவுதான். வாழைப்பழமும் அதே வகை. பாண், பிஸ்கட், சோறு வேண்டவே வேண்டாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இலை, மரவள்ளி இலை, அவகாடோ எதுவும் கிட்ட வரக்கூடாது.

நகரத்துக்குள் மான்கள் சந்தைக் கழிவையும் காட்போட் பெட்டியையும் மென்றபடி திரிவதைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, புல் தின்னும் பிராணி எதையும் செரிக்கும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். மானுக்கே அது நல்லதில்லை. ஆனாலும் அது அசைபோடும் பிராணி. முயலுக்கு ஒரே இரைப்பை, வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது மறுபக்கம்தான் வர வேண்டும்.

தண்ணீருக்கு போத்தலை விட மண்சட்டி நல்லது என்று கண்டேன். அதில் கூடக் குடிக்கின்றன, நடுப்பகலிலும் தண்ணீர் குளிர்ந்திருக்கும். கவிழாத அளவுக்குக் கனமானதாகப் பார்த்து வாங்குங்கள். வெப்பம் 30 பாகையைத் தாண்டும் நாட்களில் முயல் பகலில் தீனியைக் குறைத்துவிடும். அதனால் புல்லை விடியற்காலையிலும் பொழுதுபட்ட பிறகும்தான் நிறைத்து வைக்கிறேன். ஆனால் அரைநாளாக எதுவுமே தொடவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் அதை வெயில் கணக்கில் சேர்க்காதீர்கள். குடல் நின்றுவிட்டதற்கான அறிகுறி அது, அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

புதிதாக எதை மாற்றினாலும் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துப் பழையதோடு கலந்து மாற்றுங்கள். மாரிக்கு முன் நான் வாங்கி வைப்பது ஒரு சின்னப் பை பெல்லட்டும் ஒரு பொதி டிமோத்தியும் மட்டுமே. அது தை மாதம் வரை வரும். மற்ற மாதங்களில் செலவு அரிவாளைத் தீட்டுவதற்குத்தான்.