ஏழு நாள் கடன் ஆப்: ரூ.11,300 போச்சு, என் போனில் இருந்த 412 பேரின் எண்ணும் போச்சு

நேற்று இரவு பத்தரைக்கு என் பழைய கணக்கு வாத்தியார் கூப்பிட்டார். எழுபது தாண்டியவர். "ஏம்பா, நீ யார்கிட்டயோ பணம் வாங்கிட்டு ஓடிட்டியாமே, நான் ஜாமீனாமே?" என்று கேட்டார். எனக்குக் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஆற அமர எழுத முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சம்பளம் தள்ளிப் போனது, பையனின் ஸ்கூல் ஃபீஸுக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. போனில் வீடியோ பார்க்கும்போது "ஐந்தே நிமிடத்தில் கடன்" என்று ஒரு விளம்பரம். தொட்டேன். பிளே ஸ்டோர் பக்கமே போகாமல் ஆப் நேராக ஃபைலாக இறங்கியது. அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

பெயர், ஆதார், பான் எல்லாம் போட்டு முடித்ததும் ஒரு பெண் கூப்பிட்டாள். "பயப்படாதீங்கண்ணா, ரிசர்வ் பேங்க் அங்கீகாரம் உள்ள கம்பெனிதான். ஸ்கூல் ஃபீஸ்தானே, இன்னைக்கே கட்டிடலாம்." கடன் எதற்கு என்ற கட்டத்தில் ஸ்கூல் ஃபீஸ் என்று போட்டது நானேதான். அது அந்த நேரத்தில் தோன்றவில்லை. நம் கஷ்டம் தெரிந்து பேசுகிறாள் என்று மனசு இளகிவிட்டது. அவள் லைனில் இருக்கும்போதே திரையில் ஒவ்வொன்றாகக் கேட்டது: தொடர்புகள், படங்கள், எஸ்எம்எஸ், இருப்பிடம். "எல்லாத்துக்கும் அனுமதி குடுங்கண்ணா, அப்பதான் அப்ரூவ் ஆகும்." நாலு தடவை 'அனுமதி'யைத் தொட்டேன். பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

கேட்டது 10,000. கணக்கில் விழுந்தது 6,400. செயலாக்கக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி என்று 3,600 பிடித்துவிட்டார்கள். ஏழாம் நாள் முழுசாக 10,000 கட்ட வேண்டும்.

ஐந்தாம் நாள் சம்பளம் ஏறியது. பேங்க் மெசேஜ் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, போன் வந்துவிட்டது. இந்தத் தடவை ஆண் குரல், மரியாதையே இல்லை. "சம்பளம் வந்துடுச்சுல்ல, கட்டு." எஸ்எம்எஸ் அனுமதி எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. உடனே 10,000 கட்டினேன். ஆப்பில் 'நிலுவை' என்றே காட்டியது. தாமதக் கட்டணம் என்று 4,500 கேட்டான். கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது! அதையும் கட்டினேன். ஏனென்றால் அதற்குள் என் மச்சினிக்கு, வீட்டு ஓனர் அக்காவுக்கு, 'கேஸ் தம்பி' என்று நான் பதிந்து வைத்திருந்த சிலிண்டர் பையனுக்குக்கூட, என் போட்டோவின் மேல் 'திருடன்' என்று எழுதிய படம் போய்விட்டது. கடைசியாக "உன் டேட்டாவை அழிக்க 3,200" என்றான். வெட்கத்தில் அதையும் அனுப்பினேன். நேற்று வாத்தியாருக்குப் போன் போயிருக்கிறது. எதையும் அழிக்கவில்லை.

கையில் வாங்கியது 6,400, கொடுத்தது 17,700. ரூ.11,300 போச்சு.

ஆப்பின் ஈமெயிலுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில்: "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது." கடன் கொடுத்ததாக ஆப்பில் போட்டிருந்த கம்பெனியைப் பிடித்தால், "அந்த ஆப் எங்களுடையது இல்லை சார்" என்று வைத்துவிட்டார்கள். பேங்கில், "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்களே" என்றார்கள். ஸ்டேஷனில், "சைபர் கிரைமுக்குப் போங்க." அந்த 11,300-க்கு ஒருத்தரும் பொறுப்பில்லை.

இதெல்லாம் செய்யவே கூடாது என்று விதி இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியல், படங்கள், அழைப்புப் பதிவு எதையும் தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கேமரா, மைக், இருப்பிடம் மட்டும் கேஒய்சி-க்காக (ஆள் யார் என்று சரிபார்க்க) ஒரே ஒரு தடவை, அதுவும் நம் சம்மதத்தோடு. பிளே ஸ்டோரும் 2023 மே 31 முதல் கடன் ஆப்கள் தொடர்புகளையும் படங்களையும் எடுக்கத் தடை போட்டிருக்கிறது. அதனால்தான் இவன் ஆப்பை ஸ்டோருக்கு வெளியே கொடுக்கிறான்.

பணம் நான் வாங்கினேன், சரி. அந்த 412 பேர் என்ன செய்தார்கள்? அவர்கள் யாரும் 'அனுமதி' தொடவில்லையே. அவர்கள் எண்ணைக் கொடுக்க எனக்கே உரிமை கிடையாது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இது மட்டும். லிங்க்கில் வரும் ஆப்பை இறக்காதீர்கள். தொடர்புகள், எஸ்எம்எஸ் கேட்கிற கடன் ஆப்பை அந்த இடத்திலேயே மூடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் செட்டிங்ஸில் அனுமதியை நிறுத்திவிட்டு நீக்குங்கள், ஆனால் போனது போனதுதான், ஆப்பை நீக்கினால் திரும்பி வராது. நீக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள், பணம் போன உடனேயே. நான் வெட்கப்பட்டு மூன்று நாள் சும்மா இருந்துவிட்டேன். 'டேட்டாவை அழிக்க' என்று கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால்: உங்கள் எண்ணும் அவர்களிடம் இருக்கிறது. என் பெயரைச் சொல்லி யார் பணம் கேட்டாலும் அனுப்ப வேண்டாம், நீங்கள் யாருக்கும் ஜாமீன் இல்லை. வாத்தியார் வீட்டுக்கு நாளைக் காலையில் நேரில் போகிறேன்.