எட்டு வருடத் தோல் சப்பாத்து: மேலே குறையில்லை, கீழேதான் வழக்கு

போன வெள்ளிக்கிழமை பண்டாரவளையிலிருந்து நண்பன் ஒருவன் குரல் பதிவு அனுப்பியிருந்தான். "மச்சான், நீ போடுற அதே சப்பாத்துக்கு முப்பது வீதம் கழிவு போட்டிருக்கான். எடுக்கவா? நீதான் எட்டு வருசமா போடுறியே."

'எடு' என்று தட்டினேன், அழித்தேன். 'எடுக்காதே' என்று தட்டினேன், அதையும் அழித்தேன். அந்தச் சப்பாத்தைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தையில் பேச வராது.

2017 டிசம்பரில் கண்டியில் வாங்கியது. கறுப்பு, லேஸ் கட்டுவது, 6,490 ரூபா. அப்போது தேயிலைத் தோட்டத்தில் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்தால் நாட்சம்பளம் 730 ரூபா. அம்மா மனக்கணக்குப் போட்டுவிட்டு, "ஒம்பது பேர கால்ல மாட்டிக்கிட்டுப் போறியே" என்றார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. ஒன்பது நாள் கொழுந்து எடுத்த கூலி என் காலில் இருந்தது. அந்தப் பேச்சுக்குப் பிறகு சேற்றில் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது.

கடைக்காரர் விற்ற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. லைட்டரைப் பற்றவைத்து, லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் ஓரத்தில் ஒரு விநாடி காட்டினார். உருகவில்லை. மயிர் கருகுவது போல ஒரு மணம் வந்தது. "பாத்தீங்களா சேர், நூறு வீதம் தோல்." நானும் பெரிய நிபுணன் மாதிரி மோந்து பார்த்துத் தலையாட்டினேன். அவர் பொய் சொல்லவில்லை. கீழ்ப்பக்கத்துக்கு லைட்டரைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

தோலுக்குரிய மரியாதையை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். கோபம் ஏறிவிட்டால் மறந்துபோகும். முதல் இரண்டு கிழமை சுண்டுவிரலைக் கடித்தது. அப்புறம் காலின் வடிவத்துக்கு வந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கிப் பாடசாலைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், பாதி தேயிலை மலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதை. இதற்கு முன் நான் போட்ட ரெக்சின் சப்பாத்துகள் ஒரு வருடத்துக்குள் விரல் மடங்கும் இடத்தில் வெடித்து, உள்ளே இருக்கும் துணியைக் காட்டிவிடும். இதில் அந்த இடத்தில் சுருக்கம் விழுந்திருக்கிறது, வெடிப்பு இல்லை. பொலிஷ் போட்டால் சுருக்கமும் அழகாகத்தான் இருக்கிறது, வயதான ஆளின் நெற்றி மாதிரி.

பூஞ்சணம் பிடிக்குமே என்று எல்லோரும் கேட்பார்கள். பிடிக்கும். தென்மேல் பருவமழை ஏறிவிட்டால் எங்கள் பக்கம் சுவரே பூஞ்சணம் பிடிக்கிறது, சப்பாத்து என்ன செய்யும்? காய்ந்த துணியால் வெளியே வைத்துத் துடைத்து, உள்ளே ஞாயிறு வீரகேசரியைக் கசக்கித் திணித்து, காற்றாட வைத்தால் போதும். ஞாயிறு இதழுக்குப் பக்கம் அதிகம், ஈரத்தை நன்றாக உறிஞ்சும். விறகடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள். ஈரம் போகும், கூடவே தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் போய் விறைத்துவிடும். அப்படி விறைத்த ஒரு பெல்ட் என்னிடம் இருக்கிறது, நிமிர்த்தி வைத்தால் நிற்கும். தேங்காயெண்ணெய் பூசுவதும் வேண்டாம். ஒரு முறை பூசினேன், பூஞ்சணத்துக்கு விருந்து வைத்தது போல ஆனது.

ஈரமும் தோலும் என்றால் எங்கள் ஊரில் தப்புப் பறை அடிக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். காமன் கூத்து நேரத்தில் பார்த்திருப்பீர்கள். பனி இறங்கினால் தப்பு தொய்ந்துவிடும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, கிட்டவும் கொண்டுபோகாமல் எட்டவும் வைக்காமல் காட்டிக் காட்டி எடுப்பார்கள். விரலால் ஒரு தட்டு, மறுபடி நெருப்பு, மறுபடி தட்டு. தோலோடு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். அந்தக் கைகளைத்தான் நம் ஊர் வாசலோடு நிறுத்தி வைத்திருந்தது என்பது வேறு கதை.

சரி, வழக்குக்கு வருகிறேன்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். நான் சப்பாத்தைத் துடைத்து, பொலிஷ் போட்டு, பொலித்தீன் பையில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, அலுமாரிக்கு மேலே ஏற்றினேன். பத்திரமாக! பிறகு எரிபொருள் இல்லாத காலம், வகுப்புகள் பாதி ஃபோனில். அதற்குப் பின்னும் நல்ல சப்பாத்தாயிற்றே என்று விசேஷங்களுக்கு மட்டும் எடுத்தேன்.

2023 ஓகஸ்டில் ஹட்டனில் ஒரு சடங்கு வீடு. மண்டபத்தில் வெள்ளை டைல்ஸ். பெண்ணின் தகப்பனார் கையைப் பிடித்து முன் வரிசைக்கு அழைத்துப் போகிறார். பின்னாலேயே என் வகுப்புப் பையன் ஒருவன் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டு வந்தான். "சேர், ஒங்க சப்பாத்துலருந்து கேக் விழுது."

திரும்பிப் பார்த்தேன். வாசலிலிருந்து என் கால் வரைக்கும் கறுப்புத் துணுக்குகள், பாதை போட்டது மாதிரி. இடது குதி பாதி காணவில்லை. உட்கார்ந்து மேசைக்கு அடியில் விரலால் அமுக்கினேன். ஓரம் பொடியாக உதிர்ந்தது, உள்ளே பழைய தொதல் அல்வா மாதிரி பிசுபிசுத்தது. மேலே தோல் பளபளவென்று மண்டபத்து விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. போட்டோவுக்குக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அடி பாலியூரித்தேன் நுரை. இலேசானது, மெத்தென்று இருக்கும், அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கும். காற்றில் இருக்கும் நீராவி உள்ளே புகுந்து அதன் இரசாயனப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். பாலியெஸ்டர் வகையில் செய்தது சீக்கிரம் விழும், பாலியீதர் வகை தண்ணீரைக் கொஞ்சம் கூடத் தாங்கும். எந்த வகை என்று கடையில் யாரும் எழுதி வைப்பதில்லை. முக்கியமான விஷயம், இதற்கு நீங்கள் நடக்க வேண்டியதே இல்லை. தொழிற்சாலையில் அச்சிலிருந்து எடுத்த நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது. பெட்டிக்குள் இருந்தாலும் ஓடும். ஈரமும் சூடும் இருந்தால் இன்னும் வேகம். நான் பொலித்தீனில் சுற்றி, எங்கள் ஊர் ஈரத்தையும் சேர்த்தே கட்டி வைத்திருந்தேன்.

பெட்டி இன்னும் இருந்தது. ஒட்டுத்தாளில் மூன்று சின்னப் படங்கள். ஐரோப்பாவில் 1994இல் வந்த விதிப்படி போடுவது. விரித்த தோலின் வடிவம் இருந்தால் தோல், வலை மாதிரி இருந்தால் துணி, வெறும் சாய்சதுரம் இருந்தால் வேறு பொருள். மேற்பாகத்துக்கு நேரே தோல். உட்பக்கத்துக்குத் துணி. அடிக்கு நேரே சாய்சதுரம். கிட்டத்தட்ட ஆறு வருடமாகப் பெட்டியிலேயே உண்மை எழுதி ஒட்டியிருந்திருக்கிறது.

முதலில் ஒரு கடையில் ஒட்டக் கொடுத்தேன். 600 ரூபா, பத்து நாள் தாங்கியது. உதிர்கிற மண்ணில் ஆணி அடித்தால் நிற்குமா?

அப்புறம் டவுனில் குடையும் சப்பாத்தும் திருத்தும் ஒரு வயதானவரிடம் போனேன். மழை நாளில் குடை, மழை விட்டால் சப்பாத்து. அவர் அடியை நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சிரித்தார். "இதத் தைக்கல சேர், அச்சுல ஊத்தி ஒட்டியிருக்கான். தப்பு ஒங்க மேலயும் இல்ல, தோல் மேலயும் இல்ல." மீதி நுரையை வளைந்த கத்தியால் சீவி எடுத்தார். தோலின் வெட்டு ஓரத்தைத் திருப்பிக் காட்டி, "நீலம் தெரியுதா? குரோம்ல பதம் போட்டது" என்றார். சாம்பலோடு ஒரு மெல்லிய நீலம். இப்போது சப்பாத்துக்கு வரும் தோலில் பெரும்பகுதி இதுதான், ஓரிரு நாளில் பதமாகிவிடும். பட்டைப் பதம் என்றால் கிழமைக்கணக்கில் ஊற வேண்டும். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நீலகிரிக்குப் போன பெரியப்பா, அங்கே சீகை மரத்தின் பட்டையை உரித்துத் தோல் பதனிட அனுப்பியதைக் கதை கதையாகச் சொல்வார். அவர் காலில் என்னவோ கடைசி வரைக்கும் பாட்டா ரப்பர் செருப்புதான்.

கிழவர் ரப்பர் தகட்டில் சப்பாத்தை வைத்துக் கோடு இழுத்தார், கோட்டுக்கு வெளியே கொஞ்சம் விட்டு வெட்டினார். இரண்டு பக்கமும் அரத்தால் சொரசொரப்பாக்கி சொலுஷன் பூசினார். உடனே ஒட்டவில்லை. விரலை வைத்துப் பார்த்தார், விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் சேர்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். அடியில் சுற்றிவரச் சின்னப் பள்ளம் கீறினார், நூல் தரையில் தேயாமல் அதற்குள் படுத்துக்கொள்ளட்டும் என்று. உள்ளே ஒரு கையை விட்டு, கொக்கி ஊசியால் மெழுகு நூலை மேலே இழுத்து, இறுக்கி, அடுத்த துளை. ஒரு காலுக்கே முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் போனது. இரண்டுக்கும் சேர்த்து 2,500 ரூபா கேட்டார். பேரம் பேச வாய் வரவில்லை.

அதிலிருந்து இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. ஒரு தையலும் விடவில்லை. நியாயமாகச் சொன்னால் புது அடிக்கும் குறை உண்டு. கனம் அதிகம், பாசி பிடித்த கல்லில் வழுக்குகிறது, பாடசாலை மண்டபத்தில் நடந்தால் கீச்சு கீச்சென்று சத்தம். நான் வருவது பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அவர்கள் இந்த அடிக்கு முழுப் புள்ளி கொடுப்பார்கள்.

நண்பனுக்கு வருகிறேன். இன்றைய விலை 15,990 ரூபா, கழிவு போக 11,193. ஏன் கழிவு என்பதுதான் கேள்வி. பழைய சரக்கு என்றால் அடியின் கணக்கு ஏற்கனவே பாதி ஓடியிருக்கும். சில அடிகளில் குதிக்கு முன்னால் உள்ள வளைவில் ஒரு சிறிய வட்டம் இருக்கும், சுற்றிவர 1 முதல் 12 வரை, நடுவில் அம்புக்குறி. அது செய்த மாதம், பக்கத்தில் வருடம். அது இல்லையென்றால் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். தடம் அப்படியே நின்றாலோ ஒட்டினாலோ வைத்துவிட்டு வந்துவிடலாம்.

என் தீர்ப்பு: வாங்காதே. சபையில் என்னைக் கேக் சிந்த வைத்த சப்பாத்துக்கு ஐந்தில் இரண்டுக்கு மேல் கொடுக்க மாட்டேன்.

ஆனால் நானாக இருந்தால் எடுப்பேன். எடுத்த அன்றைக்கே கிழவரிடம் கொண்டுபோய் அடியைக் கழற்றித் தைக்கக் கொடுப்பேன். இதைச் சொன்னதும் வீட்டில், "என்னங்க, புதுசா வாங்கி அன்னைக்கே ஒடைக்கவா? பதிமூவாயிரத்து அறுநூத்துச் சொச்சம்" என்று கூட்டியே சொல்லிவிட்டார். கணக்கு சரிதான். அப்படி ஒரு மேற்தோல் அது, என்ன செய்ய.

இதையெல்லாம் நண்பனுக்கு நாலு குரல் பதிவாக அனுப்பிவிட்டு, கடைக்குப் போய் அடியைப் படமெடுத்து அனுப்பு என்றேன். நேற்று மூன்று படம் வந்தது. மூன்றும் மேற்பக்கம். ஒன்றில் லைட்டர் தெரிகிறது.