உப்புக் காற்றுக்கு எந்தச் செடி: அரிக்காவா, மணி பிளான்ட்டா, மருளா?

போன மாசியில் மதினி ராமநாதபுரத்து நர்சரி ஒன்றில் 350 ரூபாய் கொடுத்து அரிக்கா பாம் வாங்கி வந்தார். "வீட்டுக் காத்தைச் சுத்தம் பண்ணுமாம் தம்பி, கடைக்காரரே சொன்னாரு." ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். வைகாசி முடிவதற்குள் அத்தனை இலையும் நுனி கருகிவிட்டது. விரலால் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கண் பட்டுவிட்டது என்றார் மதினி. நான் தொட்டியின் விளிம்பைக் காட்டினேன். சுற்றிலும் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

காற்றைச் சுத்தப்படுத்தும் செடிகள் என்று இணையத்தில் உலவும் பட்டியல்களில் பாதி, குளிர் நாட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போட்டவை. நம் கரைக்கு முதல் கேள்வியே வேறு: உப்புக் கரிக்கிற போர்வெல் தண்ணீர் ஊற்றினால் பிழைக்குமா? காவிரிக் குடிநீரைக் குடத்தில் பிடித்து வைத்துப் புழங்குகிற வீட்டில் தொட்டிக்கு நல்ல தண்ணீர் கேட்கிற செடி, வீட்டுக்கு வந்த இன்னொரு விருந்தாளி.

அந்தக் கணக்கில் அரிக்கா முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். பார்வைக்கு அதுதான் ராஜா. விஷமில்லை, பிள்ளைகள் கடித்தாலும் பயமில்லை. ஆனால் நிறையக் குடிக்கும், குடிக்கிற தண்ணீரில் உப்பு இருந்தால் நுனியில் காட்டிவிடும். மழைத் தண்ணீர் சேர்த்து வைத்திருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம். பீஸ் லில்லிக்கும் இதே நோய்தான். அதை இந்தப் பக்கம் வாங்குவதே வீண்.

மணி பிளான்ட் அடுத்தது. பக்கத்து வீட்டில் ஒரு துண்டு ஒடித்து வந்தால் போதும், காசே வேண்டாம். வெளிச்சம் குறைந்த ரேழியிலும் படரும். உப்புத் தண்ணீரை ஓரளவு பொறுக்கும், இலை மட்டும் சிறுத்துப் போகும். இதில் எனக்கு இரண்டு குறை. இலையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கிறது. தவழ்கிற பிள்ளை கடித்தால் வாய் எரிந்து எச்சில் வடியும், பூனை, ஆட்டுக்குட்டிக்கும் அதே பாடுதான். இரண்டாவது, பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைக்கும் பழக்கம். வாரம் ஒருமுறை மாற்றாத தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிட்டுப் பறக்கத் தொடங்கிவிடும். அப்புறம் ராத்திரி கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவோம். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட் எரிந்த அளவுக்கு நுண்துகள் வரும் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. காற்றைச் சுத்தம் பண்ண வைத்த செடிக்காகப் புகை போடுவது எந்த ஊர் நியாயம்?

மருள் விஷயத்தில் நான் பாரபட்சமாகத்தான் எழுதுவேன். கடையில் 'ஸ்நேக் பிளான்ட்' என்று விற்பது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வேலியோரத்தில் தானாக முளைக்கிற நம் மருளுக்கு நெருங்கிய சொந்தம். அந்தக் காலத்தில் இதில் நார் உரித்துக் கயிறு திரித்தார்கள். இரண்டு வாரம் தண்ணீர் மறந்தாலும் முகம் வாடாது, ஊற்றிக் கெடுத்தால்தான் அழுகும். எங்கள் வீட்டுத் தொட்டிக்கு இரண்டு வருஷமாகப் போர் தண்ணீர்தான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இலையை ஈரத்துணியால் துடைத்தால் துணி பழுப்பாகிவிடும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அவ்வளவு படிந்தும் அது பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கிறது. பூனை தின்றால் வாந்தி எடுக்கும், அதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ராத்திரியில் ஆக்சிஜன் விடுவதால் படுக்கையறைக்கு மருள்தான் என்கிறார்கள். மருளும் சோற்றுக் கற்றாழையும் இலைத்துளையை ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்வது நிஜம். பாலைவனச் செடிகள் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் வழி அது. ஆனால் ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 550 லிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறார். கட்டிலுக்கடியில் ஒரு தொட்டி அதில் எந்த மூலைக்கு?

செடி காற்றைச் சுத்தம் பண்ணும் என்கிற பேச்சுக்கெல்லாம் மூலம், அமெரிக்காவின் நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்வு. சின்ன மூடிய பெட்டிக்குள் செடியை வைத்து பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சு வாயுக்களை விட்டு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். குறைந்தது. அதில் வேர் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் வீடு மூடிய பெட்டி இல்லையே, கதவிடுக்கிலேயே காற்று போய் வருகிறது. டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தார் 2019-இல் பழைய சோதனைகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடு கட்டவே ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டியிருந்தது. பத்தடிக்குப் பத்தடி அறைக்குக் குறைந்த கணக்கிலேயே 90 தொட்டிக்கு மேல். அப்புறம் நாம் எங்கே படுப்பது?

ஆகவே உண்மையான போட்டி செடிக்கும் செடிக்கும் இல்லை, செடிக்கும் ஜன்னலுக்கும். அதிலும் நம் கரையில் ஒரு சூட்சுமம். பகலில் காற்று கடலிலிருந்து வரும்: உப்பு இருக்கும், கருவாட்டு வாடை இருக்கும், புகை குறைவு. ராத்திரியில் கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். அப்போது சீமைக் கருவேலம் எரிக்கிற கரிமூட்டம் மேற்கே எங்காவது புகைந்தால் அந்த நெடி நேராக வீட்டுக்குள்தான். அந்த நெடி வந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டியதுதான், எந்தச் செடியும் அதைத் தடுக்காது. பகலில் திறந்துவிடலாம். மீன் பொரிக்கும்போது அடுப்பு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். 350 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் சின்னதாக ஒன்று வாங்கிவிடலாம்.

துளசியை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதற்கு வெயில் வேண்டும், அது முற்றத்துச் செடி. சோற்றுக் கற்றாழையும் அப்படித்தான், ஜன்னலோரம் கிடைத்தால் உள்ளே இருக்கும். அடுப்பில் கை சுட்டால் ஒடித்துத் தடவலாம், அந்த ஒரு காரணத்துக்கே வைத்துக்கொள்ளலாம்.

மதினியின் அரிக்காவைத் தூக்கிப் போடவில்லை. கருகிய நுனிகளைக் கத்தரித்து, மேல் மண்ணை மாற்றி, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுகிறோம். காவிரித் தண்ணீரில் கழுவியதுதான். போன வாரம் நடுவில் ஒரு குருத்து வந்திருக்கிறது, நுனி இன்னும் பச்சை.