ரோலிங் தண்டரா, சீக்ரெட் ஏஜென்ட்டா?

பழைய கேம்களுக்கென்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. பக்கவாட்டில் ஓடுகிற உளவாளி கேம் ஒன்றையாவது முழுசாக முடிப்போம் என்று உட்கார்ந்தபோது கடைசி வரை நின்றவை இரண்டு. நாம்கோ நிறுவனம் 1986-இல் ஆர்கேடுக்காக, அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டிகளுக்காக, செய்த ரோலிங் தண்டர், அபோஜி நிறுவனம் 1992-இல் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கணினிகளுக்கு வெளியிட்ட சீக்ரெட் ஏஜென்ட். இரண்டு வாரம் மாற்றி மாற்றி ஆடிவிட்டு சீக்ரெட் ஏஜென்ட்டோடு நின்றுவிட்டேன்.

அழகில் போட்டியே இல்லை, ரோலிங் தண்டர்தான். அதன் நாயகன் ஆல்பட்ராஸ் நெடுநெடுவென்று ஒல்லியாக, கைப்பிடிச் சுவரைத் தாண்டி மேல்தளத்துக்குத் தாவுகிற தோரணைக்கே காசு கொடுக்கலாம். சீக்ரெட் ஏஜென்ட்டில் 16 நிறம், பிசி ஸ்பீக்கரின் கீச்சுச் சத்தம், அவ்வளவுதான். வந்த வருடத்திலேயே பழசாகத்தான் தெரிந்திருக்கும். கதை இரண்டிலும் ஒரு சாக்கு: அங்கே கெல்ட்ரா கும்பல் பிடித்துவைத்த சக உளவாளி லைலாவை மீட்க வேண்டும், இங்கே 006½ என்கிற ஏஜென்ட் திருடுபோன வரைபடங்களைத் தேடிப் போகிறான்.

சரி, பிறகு ஏன் அழகில்லாததை எடுத்தேன்? செத்தால் என்ன நஷ்டம் என்று பார்த்துத்தான்.

ரோலிங் தண்டரில் முகமூடி போட்ட எதிரி மேலே இடித்தால் பாதி உயிர் போகும். குண்டு பட்டால் முழுசும் போச்சு. தாவிவிட்டால் நடுவானில் திசையை மாற்ற முடியாது. தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. தீர்ந்துபோனால் துப்பாக்கி ஒவ்வொன்றாக, மெதுவாகத்தான் சுடும். எந்தக் கதவுக்குள் தோட்டா இருக்கிறது, எந்தக் கதவிலிருந்து ஆள் வருவான் என்பதையெல்லாம் மனப்பாடம் செய்தாக வேண்டும். செத்துச் செத்துத்தான் அது மனப்பாடம் ஆகும். அடுத்த நாணயத்தைப் போட வைக்கிற பெட்டிக்காகப் பிறந்த கேம் வேறு எப்படி இருக்கும்? தினமும் உட்கார்ந்து பழகுகிறவருக்கு இதுவே சுகம். நான் மூன்று நாள் விட்டுவிட்டு வந்தால் கதவெல்லாம் மறந்துவிடுகிறது.

சீக்ரெட் ஏஜென்ட் பிழைத்த வழி வேறு. முதல் பாகத்தை இலவசமாகப் பரவவிட்டு, பிடித்தவர்களிடம் மற்ற இரண்டு பாகங்களை விற்றார்கள். ஆடுகிறவர் எரிச்சலில் எழுந்து போனால் வியாபாரம் போச்சு. அதனால் உயிருக்கு எண்ணிக்கையே கிடையாது. மூன்று அடி தாங்கலாம், செத்தால் அந்த லெவலை மட்டும் முதலிலிருந்து ஆட வேண்டும். தீவின் வரைபடத்தில் கடைசிக் கட்டடத்தைத் தவிர எதற்குள் வேண்டுமானாலும் முதலில் நுழையலாம். ஒன்றை முடித்து வெளியே வந்தால் சேமித்துவிட்டுத் தூங்கப் போகலாம். லெவலுக்கு நடுவில் சேமிக்க முடியாது என்பது ஒரு குறைதான், ஆனால் ஒரு லெவல் அரை மணிக்குள் அடங்கிவிடுகிறது.

இன்னொன்று, இதில் நிதானமாக யோசிக்க இடம் இருக்கிறது. ஒரு லெவலில் லேசர் கதிர் வழியை மறிக்கிறது. எங்கோ மேலே கிடக்கும் ஃபிளாப்பி வட்டை எடுத்துவந்து கணினியில் போட்டால்தான் அணையும். மூக்குக் கண்ணாடி கிடைத்தால் அதுவரை கண்ணில் படாத படிகள் தெரிகின்றன. கடைசியில் டைனமைட்டைத் தேடி எடுத்துவந்து வெளியேறும் கதவைத் தகர்க்க வேண்டும். டைனமைட்டை விட்டுவிட்டுக் கதவு வரை ஓடிப்போய் அசடு வழிந்தது நான்கைந்து தடவை இருக்கும்.

ஒரே மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னால் மறுக்க மாட்டேன். இதே நிறுவனத்தின் கிரிஸ்டல் கேவ்ஸை ஆடியவர்களுக்குத் தாவலும் நடையும் அச்சு அசலாக அதேதான். மூன்றாவது பாகத்தில் பாதிதான் வந்திருக்கிறேன், அதனால் முடிவு எப்படி என்று கேட்காதீர்கள். ரோலிங் தண்டரையும் முதல் சுற்றின் ஐந்து பகுதிகளோடு நிறுத்திவிட்டேன், இரண்டாவது சுற்றை முடித்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். நின்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கருவி வைத்திருப்பவர்களுக்கு 2017-இல் வந்த நாம்கோ மியூசியம் தொகுப்பில் அதன் இரண்டாம் பாகமும் சேர்ந்தே கிடைக்கிறது. சீக்ரெட் ஏஜென்ட்டுக்கு, பழைய டாஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டுகிற டாஸ்பாக்ஸ் மென்பொருள் போதும், என் பழைய மடிக்கணினியிலேயே ஓடுகிறது.

சீக்ரெட் ஏஜென்ட்டில் எஸ், பி, ஒய் எழுத்துகளை வரிசை மாறாமல் எடுத்தால் பெரிய போனஸ். நேற்று எஸ்ஸும் பியும் கையில் இருக்க, ஒய்க்குத் தாவும்போது மூன்றாவது அடி விழுந்தது. மணி பத்தே முக்கால். இன்னொரு தடவை அதே கட்டடத்துக்குள் போனேன்.