விக்கிப்பீடியா பக்கத்தைச் சரிசெய்து தருகிறோம் என்று யாராவது வந்தால்: என் இரண்டு மாதச் சம்பளம் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது. உங்களுக்கு இப்படி ஒரு சிக்கல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

நான் ஒரு சின்னப் பதிப்பகத்தில் வேலை செய்கிறேன். அப்பா தொடங்கியது. எங்களைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் யாரோ எப்போதோ எழுதி வைத்த நான்கு பத்திப் பக்கம் ஒன்று உண்டு. அதில் 'பதிப்பகம் மூடப்பட்டுவிட்டது' என்று ஒரு வரி. நாங்கள் மூடவில்லை, இடம்தான் மாறினோம். அந்த வரியை நம்பி ஓர் எழுத்தாளர் தன் கையெழுத்துப் பிரதியை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். அன்றைக்கே நான் நேராகப் போய், பதிப்பகத்தின் பெயரிலேயே ஒரு பயனர் கணக்குத் திறந்து, அந்த வரியை நீக்கினேன். போன வேகத்தில் 'தரமான நூல்களுக்குப் பெயர்பெற்ற' என்றும் சேர்த்துவிட்டேன். (நிறுவனத்தின் பெயரில் கணக்கு வைப்பதே அங்கே விதிமீறல். யாருக்குத் தெரியும்?)

அரை மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. என் பேச்சுப் பக்கத்தில் ஒரு நீள அறிவிப்பு (பயனருக்கும் கட்டுரைக்கும் உரையாடுவதற்கென்று அங்கே தனிப் பக்கம் உண்டு, அதுதான் பேச்சுப் பக்கம்). தன்னைப் பற்றியோ, குடும்பத்தைப் பற்றியோ, வேலை செய்யும் இடத்தைப் பற்றியோ எழுதுவது நலமுரண், அதாவது சொந்த நலன் குறுக்கிடும் நிலை, அப்படிப்பட்டவர்கள் அந்தப் பக்கத்தை நேரடியாகத் திருத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்று. இரண்டு வரி படித்ததுமே முகத்தில் கதவைச் சாத்தியது போல இருந்தது. மூடிவிட்டேன். மூன்றாவது வரியைப் படிக்கவில்லை. அந்த வரியின் விலைதான் இரண்டு மாதச் சம்பளம்.

மூன்று நாள் கழித்து ஒரு மின்னஞ்சல். 'உங்கள் திருத்தம் நீக்கப்பட்டதைக் கவனித்தோம். எங்களிடம் அனுபவமுள்ள தொகுப்பாளர்கள் இருக்கிறார்கள்.' இணையத்தில் நற்பெயர் பார்த்துக்கொள்ளும் சேவை என்று சொல்லிக்கொள்ளும் ரகம். இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போது மலைத்துப்போனேன். மலைக்க ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் வரலாறும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. யார், எப்போது, எதை மாற்றினார், யார் அதைத் திருப்பினார், எல்லாம் அதில் இருக்கும். நானோ நிறுவனப் பெயரிலேயே கணக்கு வைத்திருந்தேன். எங்கள் மின்னஞ்சல் முகவரி எங்கள் இணையதளத்திலேயே இருக்கிறது.

தொலைபேசியில் பேசிய ஆள் எடுத்த எடுப்பில் சொன்னது இது: "மேடம், தப்பு உங்க மேலதான். விதிப்படி நீங்க அந்தப் பக்கத்துல கை வைக்கக் கூடாது." ஏமாற்ற வந்தவன் முதல் வாக்கியத்திலேயே நம் தவறைச் சொல்வானா? நான் அங்கேதான் விழுந்தேன். விதியை விளக்கினான், பொறுமையாக, உதாரணம் காட்டி. அவன் சொன்ன விதி உண்மையான விதி. அதனால், அடுத்து அவன் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "நீங்க செய்யக் கூடாது, எங்க தொகுப்பாளர் செய்யலாம், அவர் நிர்வாகி." பதக்கங்கள் வரிசையாக மின்னும் ஒரு பயனர் பக்கத்தின் படத்தையும் அனுப்பினான். அந்தப் பதக்கங்களை அங்கே யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பக்கம் அவர்களுடையதே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அதை நினைத்துத்தான் இப்போது தலையில் அடித்துக்கொள்கிறேன். "பணம் வாங்கித் திருத்தினால் அதைச் சொல்ல வேண்டாமா?" "அதெல்லாம் புதுப் பயனர்களுக்கு மேடம்." சரி என்று பணம் அனுப்பிவிட்டேன். முழுத் தொகையும், முன்கூட்டியே. இரண்டு மாதச் சம்பளம்.

மறுநாள் பக்கம் ஜோராக இருந்தது. தவறான வரி போயிருந்தது, புதிதாக ஆறு பத்தி, நாங்களே மறந்துபோன ஒரு விருது வரைக்கும். அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நான்காம் நாள் எல்லாம் காணோம். திருத்திய கணக்கு தடைசெய்யப்பட்டிருந்தது. காரணம், கைப்பாவைக் கணக்கு, அதாவது ஒரே ஆள் தன்னை மறைத்துக்கொண்டு வைத்திருக்கும் பல கணக்குகளில் ஒன்று. அதன் பங்களிப்புகளைத் திறந்து பார்த்தேன். நான்கு நாளில் பத்துப் பன்னிரண்டு திருத்தம், எல்லாம் காற்புள்ளி, எழுத்துப்பிழை. ஐந்தாம் நாள் எங்கள் பக்கம். நான்கு நாளும் பத்துத் திருத்தமும் ஆனால் புதுக் கணக்குக்குத் தானாகவே சில உரிமைகள் கிடைத்துவிடும். அதற்காகப் போட்ட கணக்கு அது, பதக்கக்காரர் எவரும் இல்லை. 'மூடப்பட்டுவிட்டது' என்ற வரி பத்திரமாகத் திரும்பி வந்திருந்தது. அதற்கு மேலே புதிதாக ஒரு பலகை: இந்தப் பக்கம் வெளியே சொல்லாமல் பணம் பெற்று எழுதப்பட்டிருக்கலாம் என்று. முன்பு பொய் ஒன்றுதான் இருந்தது. இப்போது பொய்யோடு அவமானமும்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் நாள், "மறுஆய்வு நடக்கிறது, வழக்கமான ஒன்றுதான்." இரண்டாம் நாள், "வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறோம்." மூன்றாம் நாள் வேறொரு குரல்: "உங்க போட்டியாளர் யாரோ செய்யற வேலை மேடம். மாதாமாதம் ஒரு தொகை கட்டினா நாங்க பக்கத்தைக் கண்காணிப்போம்." பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பணி முடிக்கப்பட்டுவிட்டது" என்று பதில். முடித்துவிட்டார்களாம்! மூன்று நாள் நின்ற பணிக்கு இரண்டு மாதச் சம்பளம். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் நீலக்குறி மட்டும். நேற்று அதுவும் இல்லை.

இரவு முழுக்கத் தேடினேன். எனக்குத்தான் இது புதுசு. 2015 ஆகஸ்ட் கடைசியில் ஆங்கில விக்கிப்பீடியாவில் 381 கணக்குகளை ஒரே கும்பல் என்று கண்டுபிடித்துத் தடைசெய்திருக்கிறார்கள், 210 கட்டுரைகளை நீக்கியிருக்கிறார்கள். அந்தக் கும்பலின் வழி என்ன தெரியுமா? ஏற்கப்படாமல் கிடந்த வரைவுகளைத் தேடிப் பிடித்து, சம்பந்தப்பட்ட சின்ன வியாபாரிகளையும் கலைஞர்களையும் தொடர்புகொண்டு பணம் வாங்குவது. பிறகு பக்கத்தைப் பாதுகாக்க மாதக் கட்டணம். வார்த்தைக்கு வார்த்தை என் கதை. பணம் வாங்கித் திருத்துபவர் யாருக்காக, யார் பணத்தில் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 முதல் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. புதுப் பயனர், பழைய பயனர் என்ற பேதம் அதில் இல்லை.

அந்த மூன்றாவது வரிக்கு வருகிறேன். தடை விழுந்த பிறகு ஒரு தன்னார்வலர் என்னிடம், 'பணம் கொடுத்தீர்களா?' என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். திட்டவில்லை. முதல் அறிவிப்பையே மறுபடி படிக்கச் சொன்னார். 'மாற்றம் வேண்டுமென்றால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கோரிக்கை வையுங்கள்' என்று அதில் இருந்தது. முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. இலவசம்.

கணக்கின் பெயரை மாற்றிக்கொண்டு, பயனர் பக்கத்தில் நான் யார் என்று எழுதி, கோரிக்கை வைத்தேன். ஆறாம் நாள் ஒருவர் வந்து 'மூடப்பட்டுவிட்டது' வரியை எடுத்துவிட்டார். 'பெயர்பெற்ற' மட்டும் கிடையாது என்றார், நியாயம்தான். ஆனால் அந்தப் பலகை இன்னும் அங்கேயே இருக்கிறது.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன் இல்லையா. இவ்வளவுதான் இப்போது முடிகிறது: நிர்வாகி என்று சொல்லிக்கொண்டு காசு கேட்டால் தொடர்பைத் துண்டியுங்கள், நிர்வாகிகள் தன்னார்வலர்கள். கோரிக்கையில் இருக்கும் வரி, வேண்டிய வரி, ஏன், எதை வைத்து என்று நான்கையும் எழுதுங்கள். ஆதாரம் வெளியார் எழுதியதாக இருக்கட்டும், உங்கள் இணையதளம் எடுபடாது (எனக்கு உதவியது நாங்கள் இடம் மாறியது பற்றிய பழைய பத்திரிகைச் செய்தி). வரிசை நீளம், வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம், அவசரப்பட்டு நீங்களே கை வைக்காதீர்கள். அந்த மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள், விக்கிப்பீடியாவில் இதற்கென்றே புகார் முகவரி இருக்கிறது.

வங்கி திறக்கும் நேரம். பரிமாற்றச் சீட்டோடு போய் நிற்க வேண்டும், பணம் திரும்பக் கிடைக்கும் என்று வங்கிக்காரர்களே சொல்லவில்லை. இரண்டு மாதச் சம்பளம்.